பாத்ரூமில் வழுக்கி விழுந்தவர்கள்

என் பெயர் சாம்சன். பெயரைக் கேட்டுவிட்டு ஆளைப் பார்க்க வருகிறவர்கள் கொஞ்சம் ஏமாந்துபோவார்கள். மொத்தம் ஐம்பத்தெட்டு கிலோ, அதுவும் மழையில் நனைந்திருந்தால். வயது நாற்பத்தாறு. மணிமங்கலத்தில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போய், அங்கேயே வீடு கட்டி, ஒரகடத்தில் பைக்குகளுக்குப் பக்கக் கண்ணாடி செய்யும் கம்பெனியில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். மூன்றாவது லைனுக்கு லீடர். ஒரு நாளைக்கு எங்கள் லைனிலிருந்து மட்டும் நாலாயிரம் கண்ணாடி வெளியே போகிறது. என் சொந்த வண்டியில் ஒன்றுகூடக் கிடையாது.

அதற்கு என்னிடம் ஒரு காரணம் இருந்தது. வீட்டுக்குள் வண்டி ஏற்றும் சந்து குறுகல். ஏற்றும்போதெல்லாம் கண்ணாடி சுவரில் இடித்தது. நாலு செங்கல்லை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று மேஸ்திரி சொன்னார். செங்கல்லை எடுப்பதைவிடக் கண்ணாடியைக் கழற்றுவது சுலபம் என்று கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன். என்னிடம் எதற்கும் ஒரு காரணம் எப்போதும் தயாராக இருக்கும்.

இப்படிப்பட்ட ஆளைத்தான் கம்பெனியின் பாதுகாப்புக் கமிட்டியில் தொழிலாளர் உறுப்பினராகப் போட்டிருந்தார்கள். அந்தப் பதவிக்கு வேறு யாரும் பெயர் கொடுக்கவில்லை என்பதை நான் வெளியே சொல்வதில்லை. கமிட்டி உறுப்பினருக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பச்சை பேட்ஜ் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் குத்திக்கொண்டே சர்ச்சுக்குப் போய்விட்டேன். என் மனைவி மதிவதனி, பாட்டு முடிகிற வரைக்கும் பொறுத்திருந்து, பிறகு அதைத் தானே கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

கமிட்டியில் எனக்கு இருந்த முக்கியமான வேலை, தினமும் காலையில் கேட் அருகே இருக்கும் பலகையில் எண்ணை மாற்றுவது. 'வீட்டிலிருந்து கிளம்பி வீடு சேரும்வரை விபத்தில்லாத நாட்கள்' என்று அதில் பெரிதாக எழுதியிருக்கும். கீழே மூன்று தகட்டில் எண்கள். இந்தப் பலகை எங்கள் பாதுகாப்பு அதிகாரி நரசிம்மன் சார் கொண்டுவந்தது. முப்பத்தைந்து வயதுக்காரர், நல்ல மனிதர், கோபமே வராது. முந்நூற்று அறுபத்தைந்து நாள் விபத்தில்லாமல் ஓடினால் ஆளுக்கு ஒரு டேபிள் டாப் கிரைண்டர் என்று அவர்தான் மேனேஜ்மென்ட்டில் பேசி வாங்கித் தந்தார். அன்றிலிருந்து எங்கள் கம்பெனியில் விபத்தே நடக்கவில்லை.

பாத்ரூமில் விழுவது மட்டும் அதிகமாகிவிட்டது. கையில் கட்டோடு வந்தால் பாத்ரூம். உதடு கிழிந்து வந்தால் பாத்ரூம். ஒருவர் முதுகில் சைலன்சர் சுட்ட தழும்போடு வந்து அதையும் பாத்ரூம் என்றார். எங்கள் ஆட்கள் சொன்னதையெல்லாம் நம்பினால், படப்பைக்கும் குன்றத்தூருக்கும் நடுவே காய்ந்த தரையுள்ள பாத்ரூம் ஒன்றுகூட இல்லை என்றுதான் முடிவு செய்ய வேண்டும். கமிட்டி உறுப்பினர் என்ற முறையில் நானும் எல்லாருக்கும் ஒரே ஆலோசனைதான் சொல்வேன்: பாத்ரூமில் செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள்.

நரசிம்மன் சார் இன்னொன்றும் வைத்திருந்தார். கேன்டீன் வாசலில் ஒரு மஞ்சள் பெட்டி. அடிபடாமல் தப்பித்திருந்தாலும், வழியில் பள்ளமோ எண்ணெயோ பார்த்திருந்தாலும், அதை ஒரு சீட்டில் எழுதி அதில் போட வேண்டும். எந்த இடம் என்று மட்டும் சொல்லுங்கள், ரோடு பராமரிக்கிறவர்களுக்கு போன் பண்ணி ஒரே நாளில் சரிபண்ண வைப்பது என் பொறுப்பு என்று ஒவ்வொரு மீட்டிங்கிலும் சொல்வார். அந்தப் பெட்டியைத் தினமும் சாயங்காலம் திறப்போம். ஒரு வருடத்தில் அதில் கிடைத்தது ஒரே ஒரு சீட்டு. சாம்பாரில் உப்பு அதிகம் என்று எழுதியிருந்தது.

அடுத்து ஹெல்மெட். இதைச் சொல்லத்தான் எனக்கு வாய் கூசுகிறது. ஹெல்மெட் இல்லாவிட்டால் எங்கள் கேட்டில் உள்ளே விட மாட்டார்கள். அதனால் எல்லாரிடமும் ஹெல்மெட் இருந்தது. கேட்டுக்கு முந்நூறு அடி முன்னால் கங்கம்மாளின் டீக்கடை. முன்பெல்லாம் ஆட்கள் ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்கின் மேல் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு வருவார்கள், டீ குடித்துவிட்டுத் தலையில் போட்டுக்கொண்டு கேட்டுக்குப் போவார்கள். இவ்வளவு தூரம் எதற்கு வீணாகத் தூக்கி வர வேண்டும் என்று ஒரு மூளைக்குத் தோன்றியது. கடை ஓரத்தில் ஒரு இரும்புக் கம்பி கட்டி, அதில் கொக்கிகள் போட்டு, சாயங்காலம் ஹெல்மெட்டை அங்கேயே மாட்டிவிட்டுப் போகலாமே, காலையில் டீ குடித்துவிட்டு எடுத்துக்கொள்ளலாமே என்று. அந்த மூளை என்னுடையது. கங்கம்மாளிடம் பேசிக் கம்பி கட்டியதும் நான்தான். ஆறு மாதத்தில் அங்கே அறுபது ஹெல்மெட் தொங்கியது, ஒவ்வொன்றிலும் பெயின்ட்டில் பெயர். அவை கடையை விட்டு முந்நூறு அடிக்கு மேல் எங்கேயும் போனதில்லை. ஒரு கீறல்கூட இல்லாமல் புத்தம் புதிதாக இருந்தன.

ஹெல்மெட் போட்டால் முடி கொட்டும் என்று நான் சொல்வேன். என் தலையைப் பார்த்தவர்கள் யாரும் அதற்கு மேல் விவாதிக்க மாட்டார்கள்.

பாண்டிச்செல்வி எங்கள் லைனுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், இருபத்தாறு வயது. படப்பையில் இன்னும் மூன்று பெண்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறாள். பழைய ஸ்கூட்டர் ஒன்று வைத்திருக்கிறாள். சேர்ந்த முதல் வாரம் அவள் படப்பையிலிருந்தே ஹெல்மெட் போட்டு, பட்டையும் இறுக்கிக்கொண்டு வந்தாள். டீக்கடையில் நின்ற எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. நான்தான் கூப்பிட்டு, கம்பியைக் காட்டி, இங்கேயே மாட்டிவிட்டுப் போம்மா, எதற்குச் சிரமம் என்று சொன்னேன். அவள் கம்பியைப் பார்த்தாள், என் பச்சை பேட்ஜைப் பார்த்தாள்.

"நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்ணே" என்றாள்.

அன்று சாயங்காலமே அவளுடைய ஹெல்மெட்டுக்கும் ஒரு கொக்கி கிடைத்தது.

இப்போது அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். பலகையில் அன்று 338 போட வேண்டும். கிரைண்டருக்கு இன்னும் இருபத்தேழு நாள். படப்பை தாண்டி ஒரு ஏரிக்கரை வளைவு இருக்கிறது. டிப்பர் லாரிகள் அந்த வளைவில் திரும்பும்போது எம்சாண்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, நடு ரோட்டில் ஒரு திட்டாகச் சேர்ந்திருந்தது. காலை ஏழு மணி. பின்னால் ஒரு ஹாரன் கேட்டது. கண்ணாடி இருந்தால் கண்ணை ஓட்டியிருப்பேன். இல்லாததால் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். முன் சக்கரம் மணலில் ஏறியது. நான் ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமும் போனோம்.

விழுந்தவுடன் மனிதன் முதலில் என்ன செய்வான்? கை கால் இருக்கிறதா என்று பார்ப்பான். நான் சட்டையிலிருந்து பச்சை பேட்ஜைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டேன். அதன் பிறகுதான் முட்டியைப் பார்த்தேன். பேன்ட் கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது, முழங்கையில் தோல் உரிந்திருந்தது. ரெண்டு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். ஹெல்மெட் எங்கேண்ணே என்று ஒருவர் கேட்டார். டீக்கடையில் இருக்கிறது என்றேன். தலையில் அடிபட்டுத்தான் இப்படிப் பேசுகிறேன் என்று நினைத்து அவர் என்னைக் கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னார்.

டீக்கடையில் கங்கம்மாள் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து, எங்கே உருண்டாய் என்று கேட்டாள். அவளுக்கு என்னைவிடப் பத்து வயது அதிகம், நான் சட்டையில்லாமல் திரிந்த காலத்திலிருந்து தெரியும். பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்றேன். அவள் என் சட்டைக் கையை உதறினாள். மணல் கொட்டியது.

"பாத்ரூம்ல எம்சாண்ட் எறக்கி வெச்சிகிறியா சாம்சா?" என்றாள்.

நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, பாதுகாப்பாக முந்நூறு அடி ஓட்டிக் கேட்டுக்குள் போய், நொண்டிக்கொண்டே 338 போட்டேன்.

நரசிம்மன் சார் நொண்டுவதைப் பார்த்துவிட்டு விசாரித்தார். பாத்ரூம் என்றேன். அவர் முகத்தில் சந்தேகம் வந்தது, கேட்கவில்லை. மத்தியானம் கேன்டீனுக்குப் போகும்போது அந்த மஞ்சள் பெட்டியைக் கடந்துதான் போனேன். அதன் மேல் பேனாகூடக் கட்டி வைத்திருந்தது. ஏரிக்கரை வளைவு, மணல் என்று மூன்று வார்த்தை எழுதியிருந்தால் போதும், பெயர்கூடப் போட வேண்டாம். எழுதவில்லை. கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயம். கிரைண்டர் போனால் இருநூறு பேர் என்னைச் சும்மா விட மாட்டார்கள் என்று இன்னொரு பயம். சாதம் மட்டும் வழக்கம்போல ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை 342 போட்டுவிட்டு லைனுக்கு வந்தால் பாண்டிச்செல்வியின் இடம் காலியாக இருந்தது. எட்டரை மணிக்கு அவளுடைய ரூம் பெண் ஒருத்தி போன் செய்தாள். அதே வளைவு. அதே மணல். ஸ்கூட்டர் வழுக்கி, ரோட்டோரக் கல்லில் இடது பக்கத் தலை மோதியிருக்கிறது. காதிலிருந்து ரத்தம். ஷேர் ஆட்டோவில் ஏற்றி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அவளுடைய ஹெல்மெட் அந்த நேரத்தில் கங்கம்மாள் கடையில், என் ஹெல்மெட்டுக்கு ரெண்டு கொக்கி தள்ளித் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று கேன்டீனில் எல்லாருக்கும் அவள்மேல் உண்மையிலேயே கவலை இருந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு, கிரைண்டர்மேலும் கவலை வந்தது. இன்னும் இருபத்து மூன்று நாள்தானே என்று ஒருவர் சொன்னார். ரூம் பாத்ரூமில் விழுந்ததாகச் சொல்லிவிடலாமே என்று இன்னொருவர். அவளிடம் யார் சொல்வது என்ற கேள்வி வந்ததும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். லீடர், கமிட்டி உறுப்பினர், நன்றாகப் பேசுகிறவர். நான் மறுக்கவில்லை. எனக்கு மட்டும் ஒரு காரணம் அதிகமாக இருந்தது. அவள் விழுந்த இடத்தைப் பற்றி விசாரணை வந்தால், அங்கே நாலு நாளுக்கு முன்னால் விழுந்தவன் யார் என்ற பேச்சும் வரும்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். தலையைச் சுற்றிக் கட்டு, முகம் வீங்கியிருந்தது. இடது காதில் ஓயாமல் இரைச்சல் கேட்பதாகவும், வேறு எதுவும் கேட்கவில்லை என்றும் சொன்னாள். ஹெல்மெட் போட்டிருந்தால் ஒரு நாள் தலைவலியோடு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, செய்தியாகத்தான் சொன்னாள். நான் கொண்டுபோன ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே பாத்ரூம் விஷயத்தைச் சொன்னேன். கம்பெனியில் எல்லாரும் இதைத்தான் செய்வார்கள், உனக்கும் தொந்தரவு இருக்காது என்றேன்.

"நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்ணே" என்றாள் மறுபடியும்.

வெளியே வரும்போது, அவள் தாளில் ஏதோ கையெழுத்து வேண்டும் என்று கவுன்ட்டரில் கூப்பிட்டார்கள். கண்ணாடி போட்ட ஒரு அம்மா இருந்தார். அடி எங்கே பட்டது, வேலைக்குப் போகிற வழியிலா, வீட்டிலா என்று கேட்டார். ஏன் கேட்கிறீர்கள் என்றேன். அவர் பொறுமையாக விளக்கினார். வேலைக்குப் போகிற வழியில் நடந்த விபத்தென்றால் கம்பெனி விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும். அனுப்பினால் லீவு நாட்களுக்கான உதவி கூடுதலாகக் கிடைக்கும். அதைவிட முக்கியம், அந்தக் காது திரும்ப வராமலே போனால், மெடிக்கல் போர்டு பார்த்து ஊனத்துக்கு ஏற்ப ஆயுள் முழுக்க மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கும். வீட்டு பாத்ரூமில் விழுந்ததென்றால் அதெல்லாம் கிடையாது, சாதாரணக் காய்ச்சல் லீவு மாதிரிதான். கம்பெனியில் கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை சொல்கிறேன் என்று நழுவி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மதிவதனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னேன் என்பதைவிட, அவள் கேட்கக் கேட்க உளறினேன் என்பது சரி. என் முட்டிக் காயத்தை அவள் திங்கட்கிழமை ராத்திரியே பார்த்திருந்தாள். எங்கள் பாத்ரூம் தரை சொரசொரப்பான சிமென்ட், அதில் வழுக்கி விழ வேண்டுமென்றால் தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டும். அதனால் அவளிடம் அந்தப் பொய்யைச் சொல்ல நான் முயற்சிகூடச் செய்யவில்லை. இப்போது அவள் துணி மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உன் முட்டிக்குப் பொய் சொன்ன, சரி. அந்தப் பொண்ணு காதுக்கும் நீயே பொய் சொல்லுவியா?"

எனக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் காரணம் எதுவும் கைவசம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உட்கார்ந்திருந்தபோதும் அந்தப் பெண்ணின் கட்டுப் போட்ட தலைதான் கண்ணில் நின்றது. வெட்கமாக இருந்தது. ஒரு நல்ல வேலைக்காரி, ஒழுங்காகப் பட்டை கட்டி வந்தவள், என் பேச்சைக் கேட்டுத் தன் காதைக் கொடுத்திருக்கிறாள்.

திங்கட்கிழமை காலை பலகையில் 345 போட வேண்டும். தகடுகளைக் கையில் எடுத்தேன், போடாமல் அப்படியே நரசிம்மன் சார் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். பாண்டிச்செல்வி விழுந்தது பாத்ரூமில் இல்லை, ரோட்டில், வேலைக்கு வரும்போது என்றேன். டீக்கடைக் கம்பியைப் பற்றியும் சொன்னேன். அது அவருக்குத் தெரியாது என்று நான் நினைத்திருந்தேன். அவர் குனிந்துகொண்டதைப் பார்த்தபோது, கொஞ்சம் தெரிந்திருக்கும் என்று பட்டது.

கம்பெனிக்குள் விசாரணைக்கென்று அவர் வைத்திருக்கும் ஒரு படிவத்தை எடுத்து என்னிடம் தந்து நிரப்பச் சொன்னார். பெயர், லைன், நேரம், இடம் எல்லாம் வேகமாகப் போயிற்று. ஒன்பதாவது கேள்வியில் நின்றுவிட்டேன். 'இதே இடத்தில் இதற்கு முன் யாராவது விழுந்ததுண்டா?' சத்தியமாகச் சொல்கிறேன், 'இல்லை' என்று எழுதத்தான் பேனாவைக் கொண்டுபோனேன். பத்தொன்பது வருடப் பழக்கம் அப்படி. 'இ' கூட எழுதிவிட்டேன். பிறகு அதை அடித்துவிட்டு, 'ஆம், அதற்கு நாலு நாள் முன்பு நான்' என்று எழுதினேன்.

நரசிம்மன் சார் அதை ரெண்டு தடவை படித்தார். திட்டவில்லை. போனை எடுத்து யாரிடமோ வளைவின் அடையாளம் சொன்னார். பிறகு மேஜையிலிருந்த தகடுகளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கிரைண்டர் குடுத்தா விபத்து கொறையும்னு நெனச்சேன் சாம்சன். சொல்றதுதான் கொறஞ்சிருக்கு."

மத்தியானம் மூன்று மணிக்கு என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு அந்த வளைவுக்குப் போனார். மூன்று பேர் துடைப்பமும் கூடையுமாக வந்திருந்தார்கள். ரெண்டு கூம்பை வைத்து வண்டிகளை ஒதுக்கிவிட்டு, மணலைக் கூட்டி அள்ளிக் கரைப்பக்கம் கொட்டினார்கள். ஆரம்பித்ததிலிருந்து நாற்பது நிமிடம் ஆனது. அதில் பத்து நிமிடம் அவர்கள் தண்ணீர் குடித்தார்கள். நான் ரோட்டோரத்தில் நின்று கடைசிக் கூடை வரைக்கும் பார்த்தேன்.

மறுநாள் பலகையில் நானே மூன்று பூஜ்யம் மாட்டினேன். கிரைண்டர் போனது யாரால் என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. ஒரு வாரம் கேன்டீனில் என் மேஜைக்கு யாரும் வரவில்லை. கமிட்டியிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். பேட்ஜைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் ஊசி என் விரலில் குத்தியது, அதை யாரிடமும் அறிக்கையாகக் கொடுக்கவில்லை. கங்கம்மாளுக்கு விஷயம் தெரிந்த அன்றே அவள் அறுபது ஹெல்மெட்டையும் கழற்றி, ரெண்டு உரச் சாக்கில் போட்டு, கேட் செக்யூரிட்டியிடம் கொண்டுபோய் வைத்துவிட்டாள். கம்பியைப் பிடுங்கி எடைக்குப் போட்டாள். இனிமேல் தன் கடையில் டீயும் பன்னும் மட்டும்தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். அதற்கு அடுத்த வாரம் மஞ்சள் பெட்டியில் நாலு சீட்டு விழுந்தது. ஒன்று மட்டும் என்னைப் பற்றியது, படிக்கத் தகுந்ததாக இல்லை. மற்ற மூன்றும் ரோட்டில் இருந்த பள்ளங்கள்.

நானும் பரணிலிருந்து கண்ணாடிகளை இறக்கி மாட்டினேன். நாலு செங்கல்லை எடுத்தேன். மணிமங்கலத்திலிருந்தே ஹெல்மெட் போட்டு வருகிறேன். உள்ளே வேர்க்கிறது, காது அடைக்கிறது, கொட்டுவதற்கு முடிதான் இல்லை. இதையெல்லாம் படிக்கிறவர்கள் நான் திருந்திவிட்டேன் என்று நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒருவரிடம் மட்டும் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

அறிக்கை போனது, பாண்டிச்செல்விக்கு லீவு நாட்களின் கூடுதல் உதவி கிடைக்க ஆரம்பித்தது. கம்பெனியையே எதிர்த்து சாம்சண்ணன்தான் இதைச் செய்தார் என்று லைனில் யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அவள் போனில் அழுதாள். அவளுடைய அம்மா சங்கரன்கோவிலிலிருந்து ஆள் மூலமாக ஒரு ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி அனுப்பினார். அந்த மணலை நாலு நாளுக்கு முன்பே தெரிந்து வைத்துக்கொண்டு வாயை மூடியிருந்தவன் நான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். கருப்பட்டியை வாங்கிக்கொண்டேன். ரெண்டு மாதம் அதில்தான் காபி குடித்தேன். மதிவதனி தனக்குச் சர்க்கரை போட்டே குடித்தாள்.

மெடிக்கல் போர்டு நாள் வந்தது. காது எவ்வளவு போயிருக்கிறது என்று அன்றைக்குத்தான் டாக்டர்கள் முடிவு செய்வார்கள். துணைக்கு யாரும் இல்லை, நீங்கள் வர முடியுமா என்று அவள் கேட்டாள். லீவு போட்டுவிட்டுப் போனேன். நீளமான வராந்தா, இரும்பு நாற்காலிகள் வரிசையாக. சுவரோரம் அவள் உட்கார்ந்திருந்தாள், கையில் தாள்கள் அடங்கிய பிளாஸ்டிக் உறை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்களுக்கு முன்னால் இன்னும் பதினோரு பேர் இருந்தார்கள்.

இன்றைக்குச் சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. பயமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல், எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே, மெதுவான குரலில் ஆரம்பித்தேன். திங்கட்கிழமை காலை அந்த வளைவில் விழுந்ததைச் சொன்னேன். பேட்ஜைக் கழற்றியதைச் சொன்னேன். மஞ்சள் பெட்டியைத் தாண்டிப் போய்ச் சாப்பிட்டதைச் சொன்னேன். மூன்று வார்த்தை எழுதியிருந்தால் செவ்வாய்க்கிழமையே மணலைக் கூட்டியிருப்பார்கள், உனக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று சொன்னேன். ஆஸ்பத்திரியில் உன்னைப் பொய் சொல்லச் சொன்னது பாதி என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் என்று சொன்னேன். கருப்பட்டியைப் பற்றியும் சொன்னேன். கடைசியில், என்னை மன்னித்துவிடு என்று கேட்டேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அமைதியாக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. எவ்வளவு பெரிய மனது என்று நினைத்தேன். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது, கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்த அசைவில்தான் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏதும் சொன்னீங்களாண்ணே? அந்தக் காது கேக்காதுல்லா. இந்தப் பக்கமா வந்து சொல்லுங்க."

நான் அவளுடைய இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். வெயில் அதிகம் என்று சொன்னேன், கூட்டம் அதிகம் என்று சொன்னேன் என்று ஏதாவது சொல்லிவிடலாம். வாயில் அது வந்தும்விட்டது. அவள் பிளாஸ்டிக் உறையை மடியில் வைத்துக்கொண்டு, வலது பக்க நாற்காலியிலிருந்த தன் கைப்பையை எடுத்து எனக்கு இடம் விட்டாள்.

எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். அவள் இந்த முறை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை காலை ஏழு மணி, ஏரிக்கரை வளைவு என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன்.